வீட்டுக்குள் ஒரு கடலும் அதற்கொரு சூரியனும்

கடலோரத்தில் பிறந்து, பிழைப்பின் பொருட்டு டில்லியிலும் நாகபுரியிலும் போபாலிலும் குடியேறிய தமிழர் சிலர், கூடத்தின் ஒரு மூலையில் கடல்நீர்த் தொட்டி அமைத்து மீன் வளர்த்து மகிழ்கின்றனர். ஊரை நினைந்து ஏங்கும் உள்ளத்துக்கு அது நல்ல ஆறுதல். ஆயினும் மின்சாரக் கட்டணச் சீட்டு வந்ததும் அந்த ஆறுதல் சற்றே குறைந்துவிடுகிறது. அச்செலவைக் குறைக்கும் விளக்கொன்றை நம் கையாலேயே செய்துகொள்ளும் முறையை இன்று கூற விழைகின்றேன்.

முதலில் எழ வேண்டிய வினா, விளக்கு யாருக்காக என்பது. மீனுக்குப் பகலையும் இரவையும் பிரித்தறியும் அளவு ஒளி போதும். கடற்பாசிக்கு ஒளியே உணவுக்கு ஆதாரம். பவளமோ, தன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு சமைக்கும் உணவை நம்பியிருப்பது. அதற்கு மிகுந்த ஒளி வேண்டும். அதன் பொருட்டே அயல்நாடுகளில் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டனர். அவ்விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 2 யூனிட் செலவாகும். நம் நாட்டிலோ, பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். ஆதலின் நமக்கு உரியவை மீனும் பாசியுமே. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்துள்ளது. அவ்வாறு வளர்ந்த மீனையே கேட்டு வாங்குதல் நன்று. இவற்றுக்குச் சிறு விளக்கே போதும் என்று தெளிந்துவிட்டால், சிக்கனத்தில் பாதி கைகூடிவிட்டது.

இனிச் செய்முறை. இரண்டடி நீளத் தொட்டிக்கு 3 வாட் எல்.இ.டி. பத்து போதும்; ஆறு வெண்ணிறம், நான்கு நீலம். கடல்நீர் செந்நிற ஒளியை விரைவில் விழுங்கிவிடும். நீலமே ஆழத்துக்குச் செல்லும். இந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைத்து, டிரைவர் எனக் கடைகளில் வழங்கும் கருவியால் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செலுத்தினால், ஏறத்தாழ 32 வோல்ட்டில் 16 வாட் செலவாகும். நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தாலும், டிரைவரில் வீணாவதையும் சேர்த்து, வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான்.

எல்.இ.டி.யின் முகம் குளிர்ந்திருப்பினும் முதுகு சுடும். அச்சூடு வெளியேறாவிடில் விளக்கின் ஆயுள் குறையும். ஆதலின் வரிவரியாகத் துடுப்புகள் கொண்ட அலுமினியக் கட்டையின்மேல், வெப்பம் கடத்தும் பசை தடவிப் பொருத்துதல் வேண்டும். ஒரு மணி நேரம் எரியவிட்டு, மின்சாரத்தை நிறுத்தியபின் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காவிடில் இன்னும் பெரிய கட்டை தேவை.

மற்றொரு பகை உப்பு. குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் உப்புத்துளி அலுமினியத்தையும் பற்றாசையும் அரித்துவிடும். விளக்குக்கும் நீருக்கும் இடையே கண்ணாடித் தகடு ஒன்று இருக்கட்டும். நீர் மூச்சுவிடச் சிறிது இடைவெளியும் விடுக. 230 வோல்ட் மின்சாரம் தொட்டியை அணுகவே கூடாது. டிரைவர், உள்வரும் மின்சாரத்தை வெளிச்செல்லும் மின்சாரத்தினின்றும் முற்றிலும் பிரிக்கும் வகையினதாக இருத்தல் வேண்டும்; அதைத் தொட்டிக்கு அப்பால் சுவரில் மாட்டுக. கம்பியைப் பிளக்கினும் தாழ வளைத்துக் கொணர்ந்தால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டவுடன் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புச் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டே பொருத்துக. நீரில் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துவது வீட்டுக் குழந்தைகளுக்கும் பழக்கமாகட்டும். மீனுக்காக மனிதர் உயிரைப் பணயம் வைத்தல் தகாது.

இறுதியாக, நேரங்காட்டும் சுவிட்ச் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். மாலையில் வீடு திரும்பி மக்களோடு அமர்ந்து பார்க்கும் வேளையில் ஒளி இருக்கட்டும், பின்பு அணையட்டும். நம் ஊர்க் கடலும் இருளில் உறங்குவதன்றோ?