முதியோரும் பொது இடமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழா மேடையில் படித்துப் பட்டம் பெற்றவர்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று பள்ளியின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாமற் போன நம் முதியவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கொரோனாப் பெருந்தொற்று அவர்களிடமிருந்து எதைப் பறித்தது, அதனை மீட்டுத் தர நம் சங்கம் என்ன செய்யலாம் என்பதே என் பேச்சின் பொருள்.

நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் செயற்படத் தொடங்கியது. நான்கு திங்களுக்குள் பெருந்தொற்று வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சு 24-ஆம் நாள் மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு. அந்நாட்களில் ஒரு சொற்றொடர் ஓயாமல் நம் காதில் விழுந்தது: ‘சமூக விலகல்’. உடலளவில் விலகியிருங்கள் என்று சொல்வதே பொருத்தம், மனிதத் தொடர்பை அறுக்க வேண்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதே மார்ச்சுத் திங்களில் விளக்கியது. ஆயினும் முதலில் பரவிய சொல்லே நிலைத்தது.

மற்றவர்க்கு அது புதிய சொல்லாக இருந்திருக்கலாம். ‘விலகி நில்’ என்னும் கட்டளையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புதிதன்று. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு என்பதை, 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. 1927-இல் மகாத் நகரத்துப் பொதுக்குளத்தின் நீரை அருந்துவதற்கு, அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. பொது இடம் என்பது நமக்கு வெறும் மரநிழல் அன்று. போராடிப் பெற்ற உடைமை.

ஊர்ச் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் இடம் மறுக்கப்பட்ட நம் முன்னோர், தமக்கென்று சில இடங்களை அமைத்துக்கொண்டனர். காலனி முகப்பில் ஒரு வேப்பமரம், மாரியம்மன் கோயில் திடல், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை, பள்ளிக்கூடத்து மதிற்சுவர் ஆகியவையே முதியவர்கள் கூடும் இடங்கள். முதியோர் உதவித்தொகை வந்துவிட்டதா, கண் மருத்துவ முகாம் எந்நாள், எவர் வீட்டில் சாவு, எந்தக் கொல்லையில் கரும்பு வெட்டு என்பவற்றையெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அங்கேதான் அறிந்துகொள்கிறார். நூறு நாள் வேலைக்கு வரும் மூதாட்டி கூலிக்காக மட்டும் வருவதில்லை. நாலு பேர் முகம் பார்த்துப் பேசவும் வருகிறார். ஒரு நாள் அவர் வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே ஆள் உண்டு. அந்தக் கேள்விதான் முதுமைக்குக் காவல்.

கல்வராயன் மலையில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். அங்கே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. சாமையும் புளியும் கடுக்காயும் சுமந்து சந்தைக்கு வரும் முதியவருக்கு, சந்தை விற்பனைக் களம் மட்டுமன்று. கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிய செய்தி வந்து சேரும் இடமும் அதுவே. கைப்பேசிக்கு அலை கிட்டாத மலைச்சரிவுகளில் நேரில் காண்பதே தொடர்பு.

ஊரடங்கு வந்ததும் இவ்விடங்கள் யாவும் ஒரே நாளில் அடைபட்டன. மே முதல் நாள் வெளிவந்த நடுவணரசின் ஆணை, 65 வயதைக் கடந்தவர்கள் இன்றியமையாத தேவைக்கும் மருத்துவத்திற்கும் அன்றி வீட்டைவிட்டு வெளிவரலாகாது என்றது. மே 5-ஆம் நாள் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டது. அங்கே உழைத்த நம் பகுதி இளைஞர்கள் ஊர் திரும்பிய நாட்களில், பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் முகாம்களாயின. சாவு வீட்டில் 20 பேருக்கு மேல் கூடலாகாது என்பது விதி. ஐம்பது ஆண்டுகள் உடனிருந்து நாற்று நட்ட தோழியின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை காண இயலாமல், வீட்டுக்குள்ளேயே அழுது தீர்த்த மூதாட்டிகள் நம் காலனிகளில் உண்டு.

நான் இவ்விதிகளைப் பழிக்கவில்லை. கொடிய நோய் அது, காப்பு தேவைப்பட்டது. ஆனால் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்றபோது எந்த வீடு என்று எவரும் கேட்கவில்லை. பழைய கூரை வீட்டிலேனும் ஒரு சிறு திண்ணை இருந்தது. பின்னர் வந்த தொகுப்பு வீடுகள் பலவற்றில் அதுவும் இல்லை. ஓர் அறையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் நடுவே ஓர் ஓரத்தில் முதியவர். பலர் சூழ இருந்தும் பேச்சுக்குத் துணையில்லை.

இங்கே ஓர் அறிவியல் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இந்நோய்க் கிருமி, காற்றோட்டமில்லாத அடைத்த அறைகளில் காற்றின் வழியே எளிதாகப் பரவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்தது. அப்படியாயின், முகக்கவசம் அணிந்து எட்ட எட்ட அமரும் சிலருக்கு, நெருக்கடியான அறையைவிட வேப்பமர நிழலே பாதுகாப்பானதன்றோ! திறந்த பொது இடத்தை அறவே மூடாமல், அளவறிந்து பயன்படுத்தக் கற்பதே அறிவுடைமை.

அரசின் உதவி வரவில்லை என்று சொல்ல இயலாது. விலையில்லா அரிசி வந்தது. அரிசி அட்டைக்கு 2020-இல் 1,000 ரூபாயும், 2021-இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும் வந்தன. வயிற்றுக்கு வழி பிறந்தது. வாய்விட்டுப் பேச வழி பிறக்கவில்லை. தனிமையை மனக்குறை என்று ஒதுக்கிவிடலாகாது. அது உடலையும் அழிக்கிறது. உலக மக்களில் ஆறு பேருக்கு ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் அறிவித்துள்ளது.

வழியும் அக்காலத்திலேயே தென்பட்டது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீடு தேடி வந்தது. மருந்தோடு ‘எப்படி இருக்கிறீர்கள் அம்மா?’ என்னும் கேள்வியும் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலையில் தெருவிலும் கோயில் திடலிலும் நம் பெண்பிள்ளைகள் பாடம் நடத்தினர். அழைக்காமலே முதியவர்கள் வந்து சுற்றி அமர்ந்தனர். பிள்ளைகளின் குரல் கேட்கும் இடம் அவர்களுக்கும் உயிர் தரும் இடம் என்பதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் கண்ணாரக் கண்டோம்.

இனிச் சங்கத்திற்கு என் விண்ணப்பம். நாம் எழுப்பவிருக்கும் வெள்ளி விழாக் கட்டடத்தின் முன்பகுதியை வாடகைக்கு விடலாம் என்று சிலர் கருதுகின்றனர். வருவாய் வேண்டும்; மறுக்கவில்லை. ஆயினும் முன்பகுதியைத் திறந்த கூடமாக, நீண்ட திண்ணையோடு, நாற்புறமும் காற்று வருமாறு கட்டுங்கள். கழிப்பறையும் குடிநீரும் அருகிலேயே இருக்கட்டும். பகலில் முதியோர்க்கும் மாலையில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அது பயன்படட்டும். நாள்தோறும் ஒரு மாணவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும். தனித்து வாழும் முதியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி, ஒவ்வொருவர்க்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குங்கள். நோய்க் காலம் மீண்டும் வருமாயின், கூடுவோர் எண்ணிக்கையைக் குறைத்து முறைவைத்து அமரச் செய்யலாம்; வர இயலாதவரை அந்த இளைஞர் வாசலில் நின்று நலம் விசாரிக்கலாம். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணை அக்கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

‘கல்விச் சங்கத்திற்கு இது எதற்கு?’ என்று இளைஞர்கள் வினவலாம். 1916-இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, நம் மக்களில் எழுத்தறியாத உழைப்பாளிகளே மிகுதி. இன்று நீங்கள் ஏந்தி நிற்கும் சான்றிதழுக்கும் அத்தகையோரே அடிப்படை. மேலும், அவர்கள் பெறுவதற்கு மட்டும் உரியவரல்லர், கொடுப்பதற்கும் உடையவர்கள். செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையை அடுத்து, 1892-இல் ஆணை பிறந்து நம் மக்களுக்குப் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. அந்நிலம் எந்த ஓடைக்கு மேற்கே இருந்தது, எவர் கைக்கு எப்படிப் போயிற்று என்பது பல ஊர்களில் முதியவர் நினைவில்தான் எஞ்சியிருக்கிறது. அவர் பேச ஆளின்றி இறந்தால் நம் ஆவணம் ஒன்று அவரோடு புதைகிறது.

நோய் கருதி உடலால் விலகலாம், அது மருத்துவம். உறவால் விலகினால், நம்மை விலக்கி வைத்தவர்கள் செய்ததையே நாமும் நம் பெற்றோர்க்குச் செய்தவர்களாவோம். அந்தப் பழி நம் தலைமுறைக்கு வேண்டா. கூடத்தின் அடிக்கல்லை இளைஞர்கள் சுமந்து வாருங்கள். எழுத்தறியாத மூத்தவர் ஒருவர் கையால் அதனை நாட்டச் செய்யுங்கள்.