மலை ரயிலைத் தாங்கிய கைகள்

(ஜூபிலி விழா மாலையில் ஆற்றிய உரை)



நம் நீலகிரிக்கு ரயில் வந்த கதை நாம் அறிந்ததே. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை. 1908-இல் ஊட்டி வரை. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். இதைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அந்த வண்டியை அன்றாடம் காத்து நடத்தியவர்களைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

நிலக்கரி எஞ்சின் ஓடிய கடைசி ஆண்டுகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சென்னை இரவு வண்டியில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு, காலையில் மலை வண்டி கிளம்பும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் ஆரம்பமாகும். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின், பற்சக்கரத்தால் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டே ஏறும். ஹில்குரோவிலும் ரன்னிமேடிலும் நின்று தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். பல் சட்டப் பாதையில் ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. இணைப்பு விட்டுப்போனாலும் பெட்டிகள் பள்ளத்தில் உருண்டுவிடாதபடி செய்த ஏற்பாடு அது. ஆகவே டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்மேன்தான் அவருக்குக் கண். பாறை கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்து அவர் கொடி காட்டுவார். அடுத்த பெட்டிக்காரர்கள் அதைப் பின்னுக்குக் கடத்துவார்கள். இறங்கும்போதோ, எஞ்சினின் ஊதல் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கை இறுக்கவும் தளர்த்தவும் வேண்டும். ஒருவர் அசந்தால் அவர் பாரமும் மற்றவர் கையில் விழும். மழையிலும் பனியிலும் அவர்கள் நின்றது திறந்த முகப்பில்தான். மண் சரிந்த நாட்களில் பாதையைச் சீர்செய்த கேங்மேன்களையும் நாம் மறக்கலாகாது.

2005-இல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலக மரபுச் சின்னமாக்கியது. பெருமைதான். ஆனால் எஞ்சினைப் பொருட்காட்சியில் வைத்துக் காக்கலாம். அதை நடத்திய கைகளின் அனுபவத்தை அப்படிக் காக்க முடியாது. ஊதல் எத்தனை வந்தால் எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த வளைவில் தடம் வழுக்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரிந்த கல்வி. அவர்களில் பலர் இப்போது நம்மிடையே இல்லை.

ஆகவே பிள்ளைகளே, ரயிலில் வேலை பார்த்த தாத்தா யாரேனும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் அருகில் போய் உட்காருங்கள். கேளுங்கள், எழுதுங்கள். இந்த ஜூபிலி ஆண்டில் நாம் செய்யக்கூடிய நல்ல காரியம் அது.