ஏறாத கண்ணாடி

பெட்ரோல் பங்கில் கார் கண்ணாடியை இறக்குகிறோம். மறுபடி ஏற்றினால் அசைய மாட்டேன் என்கிறது. வானமோ இருட்டிக்கொண்டு வருகிறது. பதறாதீர்கள்.

குழந்தைகள் விளையாடாமலிருக்க, ஓட்டுநர் கதவில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. கை பட்டு அது அழுந்தியிருந்தால் மற்றக் கதவுகளின் ஸ்விட்ச் வேலை செய்யாது. முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து, ஸ்விட்சை அழுத்திக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் சத்தம் கேட்டும் கண்ணாடி நகரவில்லையா? பெரும்பாலும் தூக்கும் கம்பி அறுந்திருக்கும். சத்தமே இல்லாமல் எல்லாக் கண்ணாடிகளும் நின்றுவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் ஒயரே எரியும்.

ஒரு கண்ணாடி மட்டும் மக்கர் செய்தால், கதவுக் கீல் பக்கம் ரப்பர் உறைக்குள் போகும் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அங்கே ஒயர் மடங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் முழுசாக இருக்கும். உள்ளே செம்பு இழை முறிந்திருக்கும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன் விரலால் நெருடியே கண்டுபிடித்துவிடுவார்.

அவசரத்துக்கு ஒரு வழி. ஸ்விட்சை அழுத்தியபடியே கதவின் உட்பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அந்த அதிர்வில் ஒருமுறை ஏறிவிடலாம். ஏறியபின் இறக்காமல் நேரே மெக்கானிக்கிடம் போங்கள்.

சரியானதும் ஒன்று செய்யுங்கள். பின் சீட்டில் குழந்தையின் கையோ தலையோ வெளியே நீட்டியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்விட்சைத் தொடுங்கள்.