எண்ணாக நின்றவர்க்குப் பெயர் வேண்டும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற படைவீரர் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

படைப்பணியில் உயிர்நீத்த நம்மவரைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்துள்ளனர். கல்விச் சங்கத்தின் விழாவில் போர்க்களப் பேச்சு எதற்கு என்று இளைஞர் சிலர் எண்ணலாம். இரண்டிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

முதல் உலகப் போர் முடிந்தபின், அன்றைய ஆங்கில அரசு நம் நாட்டின் ஊர்கள் பலவற்றில் சிறு கற்பலகைகளைப் பதித்தது. தமிழ்நாட்டிலும் அத்தகைய பலகைகள் உண்டு. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களுள் இத்தனை பேர் மாண்டனர் என்ற அளவில் அவற்றின் வாசகம் முடிந்துவிடும். சென்றவர் யார், மாண்டவர் யார், எவருடைய மகன், எவளுடைய கணவன் என்பதற்கு அக்கல்லில் விடை இல்லை. எண் இருக்கிறது; பெயர் இல்லை.

கடல் கடந்த நாட்டிலும் இதே நிலைதான். மெசபொடேமியப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கின் பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியருள் அதிகாரிகளுக்குப் பெயர் பொறிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டுமே இடப்பட்டது. பதவி, இனம், மதம் என்ற வேறுபாடின்றி இறந்தோர் அனைவரையும் சமமாகப் போற்றுவோம் என்னும் கொள்கையை உடைய போர்க் கல்லறை ஆணையம் 1917-இல் அமைந்தது. அந்த ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் தன் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

இது நம் தமிழ் மரபுக்கு ஒவ்வாத செயல். போரில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் எழுதி வழிபட்ட நாடு இது. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் இத்தகைய கற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் காலத்தில் நட்டது. வீரனின் பெயரோடு, அவனுடன் நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயரையும் அது சொல்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன். நன்றி மறவாத ஓர் ஊர், நாய்க்கும் பெயர் எழுதி வைத்தது. ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்குப் பின் வந்த அரசோ, மனிதனுக்கு எண் எழுதி வைத்தது.

பெயர் எழுதுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு ஒரு சான்று கூறுகிறேன். புனே நகருக்கு அருகே பீமா ஆற்றங்கரையில் உள்ள கோரேகாவில் 1818 ஜனவரி முதல் நாள், பேஷ்வாவின் படைக்கும் கும்பினிப் படைக்கும் போர் நடந்தது. பின்னர் அங்கே எழுப்பப்பட்ட தூணில், கும்பினியின் பக்கம் நின்று இறந்த 49 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் ‘நாக்’ என்று முடிவன. அவை மகார் சமூகத்தாரின் பெயர்கள். நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1927 ஜனவரி முதல் நாள், அண்ணல் அம்பேத்கர் அத்தூணின் முன் சென்று நின்றார். இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். கல்லில் பெயர் இருந்தது. அதனால் பேரன்மார் தம் பாட்டனாரை அடையாளம் கண்டனர். எண் மட்டும் இருந்திருந்தால் யார் யாரைத் தேடிப் போயிருப்பார்கள்?

நம் தமிழ்நாட்டு வரலாறும் அதற்குக் குறைந்ததன்று. சென்னைப் படையின் காலாட்படையிலும், பயனியர் படையிலும், ‘தம்பிகள்’ என்று அன்போடு அழைக்கப்பட்ட சாப்பர் படையிலும் நம் சமூகத்தார் திரளாகப் பணியாற்றினர். பாதை வெட்டினர், பாலம் கட்டினர், அகழி தோண்டினர், துப்பாக்கியும் ஏந்தினர். ஊரில் செருப்பணிந்து நடக்கவும் உரிமையற்றிருந்தவன் படையிலே பூட்சு அணிந்து நிமிர்ந்து நடந்தான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், போர்க்குலத்தார் என்று சிலரை மட்டும் தேர்ந்து மற்றவரை ஒதுக்கும் கொள்கை ஓங்கியது. மகார்களைச் சேர்ப்பது 1890-களில் நின்றது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது அழைத்தார்கள். போர் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். சென்னைப் பயனியர் படையும் 1933-இல் கலைக்கப்பட்டது. மீண்டும் போர் மூண்டபின்னரே, 1941-இல், மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. அதற்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் பிறந்ததே மோவ் என்னும் படை முகாமில்தான். அவருடைய தந்தை ராம்ஜி, சுபேதார் பதவி வகித்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஊர்ப்பள்ளி கதவடைத்த காலத்தில் படைப்பள்ளி கதவு திறந்தது. அக்கதவின் வழியே வந்த கல்விதான் பிற்காலத்தில் நாட்டுக்கே அரசியலமைப்புச் சட்டம் தந்தது.

அவர்கள் அந்நியனுக்காகப் போரிட்டவர்கள்தாமே, அவர்களை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்பாரும் உளர். அரசு எவருடையது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஏழைக்கு இருந்ததில்லை. வயிற்றுக்குச் சோறும், பிள்ளைக்கு எழுத்தும், தலைக்கு நிமிர்வும் கிடைக்கும் இடத்துக்கு அவன் போனான். இரண்டாம் உலகப் போரில் மட்டும் 87,000-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சாப்பர் படைச் சுபேதார் சுப்பிரமணியன், 1944 ஜூன் 24-இல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்தார். அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. தன் அருகில் நின்றவனுக்காக உயிர் கொடுத்தவனிடம் நீ எந்தக் கொடியின் கீழ் நின்றாய் என்று கேட்பது நியாயமாகாது.

விடுதலைக்குப் பின் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், 1947 முதல் மாண்ட 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே சாதிக்கு ஒரு சுவர் இல்லை. ஆனால் ஊருக்குள் சுவர் இருக்கிறது. 2016 ஜூன் மாதம் காஷ்மீரின் பாம்பூரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 8 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் உத்தரப் பிரதேசத்தில் ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். அவர் உடலைப் பொது நிலத்தில் எரியூட்டுவதற்கு ஊரின் மேல்சாதியார் தடை சொன்னார்கள் என்றும், அதிகாரிகள் தலையிட்ட பின்னரே இடம் கிடைத்தது என்றும் செய்தித்தாள்கள் எழுதின. நாட்டின் எல்லையைக் காத்தவனுக்குச் சொந்த ஊரில் ஆறடி நிலம் வழக்காயிற்று. நினைவுகூர்தல் என்பது மலர் தூவுவதோடு முடியும் சடங்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இளைஞர்களே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதி வருபவன் நான். பதிவேட்டில் ஏறாத பிள்ளை, அரசின் கண்ணுக்குப் பிறவாத பிள்ளை. எழுதத் தெரியாத குடும்பத்தின் இழப்பை, எழுதத் தெரிந்த வேறொருவர் எண்ணாக எழுதிவிட்டுப் போனார். இன்று நம் வீட்டில் பட்டதாரிகள் இருக்கிறார்கள். ஆகவே இனி அக்கணக்கை நாமே எழுத வேண்டும். கல்விக்கும் போர்க்களத்துக்கும் உள்ள தொடர்பு என்று தொடக்கத்தில் நான் கூறியது இதுதான்.

செய்ய வேண்டியவை எளியவை. உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கம் இருந்தால், அதன் விளிம்பை உற்று நோக்குங்கள். வீரனின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி விலைக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள். பணிவிடைச் சான்று, பென்ஷன் புத்தகம், கடிதம் எதுவாயினும் படியெடுத்துச் சங்கத்தில் ஒப்படையுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்டோர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும்கூட அங்கே கிடைக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் செல்லுங்கள். முதியோரிடம், குறிப்பாகப் பாட்டிமாரிடம், கேட்டு எழுதுங்கள். வீரனின் பெயருக்கு அருகில் அவன் மனைவியின் பெயரையும் எழுதுங்கள். அவன் ஒரு நாள் மாண்டான். அவள் அதன்பின் நெடுங்காலம் தனித்து நின்று பிள்ளைகளை ஆளாக்கினாள்.

நம் சங்கம் இதற்கென ஒரு பேரேட்டைத் தொடங்க வேண்டும் என்று இம்மன்றத்தின் முன் வேண்டிக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் ஏறினாலும் போதும். அந்தக் குடும்பத்துக்கு அதுவே நடுகல். எண்ணாக நின்ற ஒவ்வொருவரையும் பெயராக எழுப்புவோம்.