வல்லுநர் இல்லாத ஊருக்கும் புற்றுநோய் மருத்துவம்

கருத்தரங்கத் தலைமையுரை



குறைந்த வருவாய் நாடுகளில் புற்றுநோய் மருத்துவத்துக்கு வேண்டிய ஆட்களை உருவாக்குவது எப்படி, அந்த மருத்துவம் எளியவரின் கைக்கு எட்டுவது எப்படி என்று ஆராயக் கூடியிருக்கிறோம். தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. அரசு மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். நோய் முற்றிய பிறகு வந்து சேர்ந்தவர்களையே பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 97 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். 2050இல் புதிய நோயாளிகள் 3.5 கோடியைத் தாண்டுவார்கள் என்று அம்முகமை கணித்திருக்கிறது. அதே மதிப்பீட்டில் உள்ள வேறொரு கணக்கை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மனித வளர்ச்சிக் குறியீட்டில் உச்சியில் உள்ள நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதற்குப் பலியாகிறார். அடியில் உள்ள நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் அந்நோய் கண்டறியப்படுகிறது. பலியாவதோ 48 பேரில் ஒருவர். அங்கே நோய் குறைவு, சாவு அதிகம்.

இந்த இடைவெளியின் பெரும்பகுதி தாமதத்தால் வந்தது. மார்பில் கட்டி என்று சொன்ன பெண்ணைத் தொட்டுப் பார்க்க அருகில் ஆளில்லை. பயாப்சி எடுத்தால் அதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வல்லுநர் இல்லை. முடிவு வந்த பிறகும் கீமோவுக்கு 300 கிலோமீட்டர் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுக் கூடப் போக வீட்டில் ஒருவர் வேண்டும். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள். குழந்தைகளின் கதை இன்னும் கொடியது. வளமான நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. மருந்துகளில் பல பழையவை, விலை குறைந்தவை. அவற்றைச் சரியான அளவில், சரியான நாளில் கொடுத்துக் காய்ச்சல் வந்தால் உடனே கவனிக்கும் ஆட்கள்தான் போதவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே. தம் வேலையில் ஒரு பகுதியை வல்லுநர்கள் பிறருக்குக் கற்பித்துக் கொடுத்து, கொடுத்த பிறகும் அவர்களைக் கைவிடாமல் கூடவே நின்ற இடங்களில்தான் ஏழை நாடுகளில் புற்றுநோய் மருத்துவம் வேரூன்றியிருக்கிறது. கற்பித்ததோடு விலகிக்கொண்ட இடங்களில் அது காய்ந்துபோயிருக்கிறது.

முதல் சான்று நம் திண்டுக்கல் மாவட்டம். அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையமும், அடையாறு புற்றுநோய் நிறுவனமும், சர்வதேச முகமையும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தை வெறுங்கண்ணால் பார்த்தறியும் எளிய சோதனை அது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சந்தேகம் எழுந்தால் உருப்பெருக்கியில் பார்த்ததும், பயாப்சி எடுத்ததும், உறைகுளிர் சிகிச்சை கொடுத்ததும் அவர்களே. அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் 31,343 பேர் வந்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இதே சோதனையை வைத்து டாடா நினைவு மையம் நடத்திய நெடுங்கால ஆய்விலும் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது.

இதைக் கேட்டுவிட்டு, பயிற்சி முகாம் நடத்தினால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மகாராஷ்டிரத்தில் அன்றைய உஸ்மானாபாத், இன்றைய தாராசிவ் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் இதே அமிலச் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸைக் கண்டறிய ஒரே ஒரு முறை செய்த சோதனையோ இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது. அமிலச் சோதனை பார்ப்பவரின் கண்ணை நம்பியது. அந்தக் கண்ணுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் ஓயாமல் வேண்டும். ஆகவே ஆளுக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்து கொடுப்பதும் நம் கடமை. ஹெச்பிவி சோதனையை முதன்மையாகக் கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே தன் கையால் எடுத்துத் தரலாம் என்பதால், கூச்சத்தால் வர மறுப்பவர்களும் வருவார்கள். செவிலியரின் சுமையும் குறையும்.

அடுத்த சான்று ருவாண்டா. அந்நாட்டின் வடக்கு மலைப்பகுதியில் இருக்கிறது புட்டாரோ. 2012இல் அங்குள்ள மாவட்ட மருத்துவமனையில் அரசும் 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பும் புற்றுநோய் மையம் திறந்தன. நிரந்தரப் புற்றுநோய் வல்லுநர் எவரும் அங்கே இருக்கவில்லை. பொது மருத்துவர்களும், குழந்தை மருத்துவர்களும், செவிலியர்களும் எழுதி வகுத்த நெறிமுறைப்படி கீமோ கொடுத்தார்கள். பாஸ்டன் நகரின் டானா-ஃபார்பர் நிலைய வல்லுநர்கள் தொலைபேசியில் வாராவாரம் நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசினார்கள். தொடக்கத்தில் பயாப்சித் துண்டுகள் பாஸ்டனுக்குப் போயின; பிறகு புட்டாரோவிலேயே ஆய்வகம் வந்தது. வல்லுநர் வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. யாருக்கு எந்த மருந்தைத் தொடங்கலாம், யாரை வேறிடம் அனுப்ப வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினார்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சையை இப்படித் தொலைபேசியில் நடத்த முடியாது. ருவாண்டாவின் நோயாளிகள் அதற்கு அண்டை நாடான உகாண்டாவுக்குப் போக வேண்டியிருந்தது. உகாண்டாவிலோ அப்போது நாடு முழுவதற்கும் ஒரே கருவிதான் இருந்தது, அதுவும் 1995இல் நிறுவிய கோபால்ட் கருவி. 2016இல் அது பழுதுபார்க்க முடியாதபடி நின்றுபோனது. புதியது இயங்கத் தொடங்கியது 2018இல். இடைப்பட்ட காலத்தில் சிலரை நைரோபிக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழியே இல்லை. புற்றுநோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படும் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருவி வந்திறங்கும் நாளில் விழா எடுக்கிறோம். அதன் கதிர் அளவைத் தினமும் சரிபார்க்கும் இயற்பியலாளர், நோயாளியைக் கிடத்தி இயக்கும் தொழில்நுட்பர், பழுது நீக்கும் பொறியாளர், பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய பணம் ஆகியவற்றைக் கருவியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கருவி பூட்டிய அறைக்குள் கிடக்கும்.

அதே உகாண்டாவிடம் நாம் கற்க வேண்டிய பாடமும் உண்டு. மருத்துவர் ஆன் மெர்ரிமன் 1993இல் அங்கே ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா அமைப்பைத் தொடங்கினார். மார்ஃபின் தூளைத் தண்ணீரில் கரைத்து, மலிவான குடிமருந்தாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். மருந்து இருந்தது, எழுதிக் கொடுக்க மருத்துவர் இல்லை. 2004இல் அரசு விதியைத் திருத்தியது. நோய்த்தணிப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் கிளினிக்கல் ஆபீசர்கள் எனப்படும் மருத்துவருக்கு அடுத்த நிலைப் பணியாளர்களும் மார்ஃபின் எழுதலாம் என்ற சட்ட உரிமை வந்தது. இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளை அச்சுறுத்தி, மார்ஃபினை அலமாரியிலிருந்தே அகற்றிவிட்டது. மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2014இல் அது திருத்தப்பட்டது. வலியால் துடிப்பவர் ஊரில் இருக்க, மருந்தெழுதும் உரிமை நகரத்தில் மட்டும் இருப்பது அநீதி. பணியைப் பகிரும்போது சட்டம் தரும் அதிகாரத்தையும் பகிர வேண்டும்.

வெளிநாட்டு வல்லுநரின் துணையும் ஓரளவுக்குத்தான். ஒரு நாடு தன் மருத்துவர்களைத் தானே உருவாக்கும் நாள் வர வேண்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு நிறுவனம், டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் வளர்ந்து, 1984இல் புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவையிலும் உயர் சிறப்புப் பட்டப்படிப்புகளை இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கியது. அந்நிறுவனத்தில் அறுவைத் துறைத் தலைவராயிருந்த டாக்டர் ரவி கண்ணன் 2007இல் அஸ்ஸாமின் சில்சரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றக் குடிபெயர்ந்தார். நோயாளிகள் நடுவழியில் சிகிச்சையை விடுவதற்குக் காரணம் பசியும் கூலி இழப்பும் என்று அங்கே கண்டார். துணைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், மருத்துவமனையிலேயே தற்காலிக வேலை, வராதவர்களைத் தேடி வீட்டுக்குச் செல்லும் குழு என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. நோயாளியின் கூடவே நின்று சிகிச்சையை முடிக்க வைக்கும் அந்தப் பணியாளரும் புற்றுநோய்ப் பணியாளரே. நம் பாடத்திட்டங்களில் அவருக்கு இன்னும் இடமில்லை.

இனி, பயிற்சி பெற்றவர்கள் ஏன் நிலைப்பதில்லை என்ற கேள்வி. மூன்று காரணங்களைச் சொல்வேன். முதலாவது இடமாற்றம். கீமோ மருந்தைக் கலக்கவும் நரம்பில் ஏற்றவும் பாடுபட்டுக் கற்ற செவிலியரைச் சில மாதங்களில் பிரசவ வார்டுக்கு மாற்றிவிடுகிறோம். இரண்டாவது ஊதியம். 30 வயது கடந்தவர்களிடம் வீடு வீடாகச் சென்று புற்றுநோய் அறிகுறிகளை விசாரிக்கும் ஆஷா பணியாளர்கள் இன்றும் தன்னார்வலர் என்ற பெயரில் ஊக்கத்தொகைதான் பெறுகிறார்கள். முழு வேலையை வாங்கிக்கொண்டு அரைக்கூலி கொடுப்பதற்குப் பணிப்பகிர்வு என்று பெயரிட நமக்கு உரிமையில்லை. மூன்றாவது தனிமை. தூரத்து ஊரில் கடினமான நோயாளியோடு தனித்து நிற்கும் இளம் மருத்துவருக்கு, அன்றே கேட்டுத் தெளிய ஒரு மூத்தவரின் குரல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அவர் நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கருத்தரங்கின் அமர்வுகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. ஒவ்வொரு புற்றுநோய்ப் பணியையும் எடுத்து, அதைப் பாதுகாப்பாகச் செய்ய எவ்வளவு பயிற்சி போதும் என்று வரையறுங்கள். அப்பயிற்சி பெற்றவருக்கான பணியிடம், ஊதிய விகிதம், சட்ட அதிகாரம், மேற்பார்வை செய்யும் வல்லுநர் ஆகிய நான்கையும் சேர்த்தே பரிந்துரையுங்கள். நோய்க்குறியியல், மருத்துவ இயற்பியல், புற்றுநோய்ப் பதிவேடு ஆகிய கண்ணில் படாத துறைகளை இறுதி அமர்வுக்குத் தள்ளிவிடாதீர்கள். 1981இல் சென்னையில் தொடங்கிய பதிவேடு இல்லாதிருந்தால், கருப்பைவாய்ப் புற்றுநோய் இங்கே குறைந்துவருவதையும் மார்பகப் புற்றுநோய் ஏறிவருவதையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். கடைசியாக, இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வல்லுநரும் ஒரு மாவட்ட மருத்துவமனையைத் தம் பொறுப்பில் ஏற்று, அங்குள்ள குழுவோடு வாரந்தோறும் நோயாளிகளைப் பற்றிப் பேச உறுதி கொள்ளுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

நம் திறமை நம் கையோடு நின்றுவிட்டால் அது சில ஆயிரம் பேரைக் காக்கும். பிறர் கைகளுக்கு அதைக் கற்பித்துக் கொடுத்தால், நாம் ஒருபோதும் போகப்போகாத ஊர்களிலும் அது உயிர்களைக் காக்கும். அந்த நோக்கம் அமர்வுகள் அனைத்தையும் வழிநடத்தட்டும் என்று வேண்டி, இக்கருத்தரங்கை மகிழ்ச்சியோடு தொடங்கி வைக்கிறேன்.