சென்னை மாகாணச் சட்டசபை: ஆசனங்களும் அமர்ந்தோரும்



1920ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலிற் பிறந்து, 1937இல் மாகாண சுயாட்சி வந்ததும் மறைந்த நம் சென்னைச் சட்டசபையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், சுப்பராயலு ரெட்டியாரில் தொடங்கி, பனகல் அரசர், டாக்டர் சுப்பராயன், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர், பி. டி. ராஜன் என்று முதல் மந்திரிகளின் நாமாவளியை ஒப்பித்த அளவில் எழுந்துவிடுகிறார்கள். மந்திரிகள் மதிப்பிற்குரியவர்களே, ஆயினும், நிதியும் போலீசும் கவர்னரின் நிர்வாக சபையிடமே தங்கிவிட, கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் முதலிய இலாகாக்களே அவர்கள் கைக்கு வந்த இரட்டையாட்சியில், சபையின் ஜீவனை மந்திரிகள் வரிசையில் மட்டும் தேடுவது போதாது என்பது என் துணிபு.

நடுவிலிருந்த தலைவர் ஆசனத்தையே பாருங்கள். முதலில் அதில் அமர்ந்தவர் கவர்னர் நியமித்த பெ. ராஜகோபாலாச்சாரியார் (சேலத்து ராஜாஜி அல்லர், மாணவர்கள் இன்றும் மயங்குகிறார்கள்). பின்னர் அமர்ந்தவர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. ஒரு கல்வெட்டில் ஆட்சியாண்டும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் கண்டவுடன், அவை ஆங்கில ஆண்டில் எந்த நாளில் ஒன்றுகூடுகின்றன என்று பார்க்க நாம் கைநீட்டுவது அவருடைய காலக் கணித நூல்களையே அல்லவா? பல நூற்றாண்டுகளின் நாட்களை எண்ணித் தொகுத்த அப்பெரியார், அங்கத்தினர்களின் பேச்சு நீளுகையில் கடிகாரத்தை நோக்கியிருப்பார் என எண்ணும்போது எனக்குச் சற்று நகைப்பு வருவதுண்டு. 1925இல் அவர் காலமானார்.

அங்கத்தினர்களில் 98 பேர் தேர்தலால் வந்தவர்கள். பிராமணரல்லாதாருக்கென 28 ஸ்தானங்களை ஒதுக்கினார்கள். அவர்களோ அதனினும் மிகுதியாகவே வென்றார்கள். ஆனால், ஒடுக்கப்பட்டோரின் குரலான எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும், பெண்களின் குரலான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நியமன வழியாகவே உள்ளே வந்தார்கள் என்பதை மறைத்து, வாக்குரிமையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க 1921இலேயே இசைந்ததும், பின்னர் அவ்வம்மையாரையே உபதலைவராகத் தேர்ந்தெடுத்ததும் அச்சபையின் பெருமைகள்.

1923 நவம்பரில் பனகல் மந்திரிசபைமீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. அத்தகைய வாக்கெடுப்புகளின் பெயர்ப் பட்டியல்கள் நடவடிக்கைத் தொகுதிகளில் இருபுறமாக அச்சாகியிருக்கின்றன. அவற்றிலுள்ளோரில் பலரை நாம் பெயரளவிலேயே அறிவோம். ஊர் எது, தொழில் எது, எதன்பொருட்டு அப்பக்கம் சேர்ந்தார் என்பவற்றை, இளம் ஆராய்ச்சியாளர்களாகிய நீங்கள் ஜில்லாவுக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு தேடித் தரவேண்டுமென்று வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.