கண்காணிப்பவரைக் கண்காணிப்பது யார்?

(தூத்துக்குடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்? மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?" கேமரா, தொலைபேசி ஒட்டுக்கேட்பு, முக அடையாளப் பதிவு என எதைப் பற்றிப் பேசினாலும் நமது கடைவீதியில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் நல்லவர்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள். ஆனால் அதே பெரியவர்தான் வீட்டுக்குப் போனதும், "கூட்டத்துக்கெல்லாம் போகாதே, பேரை எழுதிவிடுவார்கள்" என்று மகனைத் தடுக்கிறார். தப்பே செய்யாத அவருக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

ஒரு நாவல் சொல்லும் பாடம்

1949 ஜூன் மாதம் லண்டனில் '1984' என்ற நாவல் வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். 1903-இல் நமது நாட்டின் பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர். தந்தை ஆங்கில அரசின் அபினித் துறை அதிகாரி. ஆர்வெல்லும் 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கிலேயரின் போலீஸ் அதிகாரியாக இருந்தார். அடக்குமுறையை உள்ளே இருந்து பார்த்தவர் அவர்.

கதையில், ஆளும் கட்சி ஊழியர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு திரை இருக்கும். அதில் அவர்கள் அரசின் அறிவிப்பைப் பார்ப்பார்கள். அதன் வழியே அரசு அவர்களைப் பார்க்கும். எந்த நிமிடம் பார்க்கிறது என்று தெரியாது. ஆகவே எந்நேரமும் பார்ப்பதாகவே எண்ணி நடப்பார்கள். சிந்திப்பதையே குற்றமாக்கிப் பிடிக்க ஒரு தனிப் போலீஸ்! பெற்ற பிள்ளையே தந்தையைக் காட்டிக்கொடுக்கும். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் திருடவில்லை, கொலை செய்யவில்லை. ஒரு டைரி எழுதத் தொடங்கினான். அவ்வளவுதான்.

சகோதரர்களே! அந்தத் திரையின் உண்மையான வேலை, மனிதனின் மனதுக்குள்ளேயே ஒரு போலீஸ்காரரை உட்கார வைப்பது. அதன்பின் லத்தி தேவையில்லை. அவனே தன் வாயை மூடிக்கொள்வான்.

நமது துறைமுகத்தின் பெயரே சாட்சி

இது கற்பனை என்கிறீர்களா? 2011-இல் நமது துறைமுகத்துக்கு யார் பெயர் சூட்டப்பட்டது? கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் பெயர். 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கித் தோள் கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். இந்த வரலாறு நமது இளைஞர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

1908-இல் கோரல் மில் தொழிலாளர்களுக்காகவும் நாட்டு விடுதலைக்காகவும் வ.உ.சி. பொதுமேடையில் பேசினார். ஒளித்துப் பேசவில்லை. ஊரே கேட்டது. கூட்டத்தில் இருந்த போலீசாரும் கேட்டுக் குறிப்பெழுதினார்கள். மார்ச் 12-இல் கைது. ஜூலை 7-இல் தீர்ப்பு: இரண்டு ஆயுள் தண்டனைகள்! மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், 1912 இறுதி வரை சிறையில் வாடினார். கப்பல் கம்பெனியும் மூழ்கியது. அவர் மடியில் என்ன கனம் இருந்தது?

தென் மாவட்டங்களில் 'ரேகைச் சட்டம்' என்று மக்கள் சபித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட சமுதாயத்தில் பிறந்ததற்காகவே கைரேகை எடுத்தார்கள். வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர்கள் செய்த தப்பு என்ன? சந்தேகத்தைப் பிறப்பின் மீது ஏற்றிவிட்டால், ஒழுக்கமாக வாழ்ந்தும் பயனில்லை.

கடைக்கும் வந்த வேவு

நமது காலத்துக்கு வருவோம். 2001-க்குப் பிறகு நியூயார்க் போலீசில் ஒரு தனிப்பிரிவு இயங்கியது. முஸ்லிம்களின் பள்ளிவாசல்களை மட்டுமல்ல, உணவகங்களையும் கடைகளையும் அது பட்டியலிட்டது. அங்கே யார் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஆள் வைத்துக் கேட்டது. 2011-இல் இது அம்பலமானது. அந்தப் பிரிவு திரட்டிய தகவலால் ஒரு பயங்கரவாத வழக்குக்கும் துப்புக் கிடைக்கவில்லை என்று 2012-இல் உயரதிகாரியே சாட்சியம் அளித்தார். 2014-இல் பிரிவு கலைக்கப்பட்டது. பிடிபட்ட குற்றவாளி யாருமில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்ட அப்பாவிகளோ ஏராளம்.

இங்கிலாந்தின் பர்மிங்காமில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதிகளைச் சுற்றி 218 கேமராக்கள் வைக்கப்பட்டன. அவற்றில் 72 மறைவானவை. 2010-இல் உண்மை தெரிந்ததும் மக்கள் அமைதியாக, சட்டப்படி போராடினார்கள். போலீஸ் மன்னிப்புக் கேட்டது, கேமராக்கள் அகற்றப்பட்டன. மக்கள் வாய் திறந்ததால் கிடைத்த வெற்றி இது!

கயிறும் கன்டெய்னரும்

அப்படியானால் காவலே வேண்டாமா? வேண்டும். முத்துக்குளித்த காலத்தில், மூழ்கியவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அவர் கண் இமைக்காமல் கவனித்தார். அது மூழ்கியவருக்கான காவல். கயிறு பிடிப்பவர் யாரென்பதும் மூழ்கியவருக்குத் தெரியும்.

வணிகர்களே! துறைமுகத்தில் உங்கள் கன்டெய்னரைச் சுங்க அதிகாரி சோதித்தால் நீங்கள் சண்டையிடுவதில்லை. ஏன்? அதற்குச் சட்டம் உண்டு. உங்கள் ஏஜென்ட் பக்கத்தில் நிற்கிறார். சோதித்தது எழுத்தில் பதிவாகிறது. தவறென்றால் மேல்முறையீடு செய்யலாம். பெட்டிக்குக் கிடைக்கும் இந்த நீதி மனிதனின் முகத்துக்கும் பேச்சுக்கும் வேண்டாமா?

இஸ்லாம் இதை என்றோ சொல்லிவிட்டது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 12-ஆம் வசனம் தடுக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இரவில் சுவரேறி ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்தவரின் தவறைப் பிடித்தார்கள். அவரோ, "நான் செய்தது ஒரு தவறு. நீங்கள் துருவி ஆராய்ந்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, அனுமதி கேட்கவில்லை, ஆக மூன்று" என்றார். உமர் (ரலி) அதை ஏற்றுத் திரும்பினார்கள். ஆட்சியாளரைக் குடிமகன் கேள்வி கேட்டான். ஆட்சியாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டார்!

நாம் செய்ய வேண்டியவை

நமது சட்டமும் நமக்குக் கைகொடுக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு உள்துறைச் செயலாளர் நிலையில் உத்தரவு வேண்டும் என்று 1996-இல் உச்சநீதிமன்றம் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் நமது மாவட்டத்தில் இணையம் துண்டிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதேசமயம், தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்களிக்க 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி வைக்கப்பட்டுள்ளது. எனவே விழிப்பும் தேவை.

முதலாவது, எதையும் பகிரங்கமாக, சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யுங்கள், பயந்து ஒதுங்காதீர்கள். இரண்டாவது, எந்த உத்தரவின்படி, எவ்வளவு காலத்துக்கு, யார் பொறுப்பில் என்று எழுத்து மூலம் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மூன்றாவது, நாமே வேவுகாரர்களாகிவிடக் கூடாது. உங்கள் கடைக் கேமரா பக்கத்து வீட்டு வாசலைப் பார்க்க வேண்டாம். அதில் பதிந்த யாருடைய மானத்தையும் வாட்ஸ்அப்பில் ஏலம் விட வேண்டாம். நான்காவது, வேறு எந்தச் சமுதாயத்தைச் சந்தேகக் கூண்டில் நிறுத்தினாலும் நாம் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.

தந்தையரே! மகனிடம் "போகாதே" என்று சொல்வதை விட்டுவிட்டு, "நல்லதைப் பேசு, நிமிர்ந்து பேசு" என்று சொல்லி அனுப்புங்கள். எல்லாவற்றையும் பார்ப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவனுக்கு மட்டுமே அஞ்சும் சமுதாயமாக நம்மை அவன் ஆக்குவானாக!